இரண்டாம் வயலின், கடைசி வரிசை

மனநிறைவின் விலை 1994-இல் அடையாறில் மாதம் நாற்பது ரூபாய். மாணவர்களுக்குப் பாதி. ரசீதும் உண்டு.

அந்த ரசீதைத் தவசிக்கனி அண்ணாச்சி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தி. நகரில், ரங்கநாதன் தெருவில் நுழைய முடியாத கூட்டம் வழிந்து வந்து சேரும் அடுத்த தெருவில், அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. ஒரு குடத்தைக் கையில் தூக்கினால் எடை சொல்வார். வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்தால் எந்த விலைக்கு மசிவார் என்று சொல்வார். அப்படிப்பட்டவருக்கு, இந்த ரசீதுக்கு அந்தப் பக்கம் எதை விற்றார்கள், இந்தப் பக்கம் எதை வாங்கினார்கள் என்பது விளங்கவில்லை.

“சம்பளம் எவ்வளவு தாராங்க?” என்று மனைவியைக் கேட்டார்.

“சம்பளமா? நாமதாங்க சந்தா கட்டணும்” என்றாள் தங்கபுஷ்பம்.

“வேலையும் பாத்து, துட்டும் குடுக்கணுமா?”

“வேலை இல்லீங்க. வாசிக்கிறது.”

“வாசிக்கிறது யாரு? நீதான? அப்ப அவன்லா தரணும்.”

தங்கபுஷ்பம் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே கோடு போட்ட தாளைப் பார்த்து வயலின் வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணச் சீரோடு அந்த வயலினும் சென்னைக்கு வந்தது. சீரில் வந்த மற்றதெல்லாம் புழக்கத்துக்குப் போக, அது மட்டும் பீரோவின் மேல் ஏறிக்கொண்டது. போன வருஷம் மகளைக் கோயமுத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் சத்தம் குறைந்தது. அப்போதுதான், கடையில் டம்ளர் சுற்ற வாங்கிப் போட்ட பழைய பேப்பரில் அந்த விளம்பரம் அவள் கண்ணில் பட்டது. அடையாறில் ஒரு சிம்பொனி இசைக்குழு இருக்கிறதாம். எல்லாரும் வேறு வேலை பார்க்கிறவர்கள், ஆசைக்கு வாசிக்கிறவர்கள். வயலின்காரர்கள் தேவை. தொழில்முறைக் கலைஞர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

“நல்லாத் தெரிஞ்சவன் வராதன்னு விளம்பரம் போடுதவன இப்பத்தான் பாக்கேன்” என்றார் அண்ணாச்சி.

அவள் ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். பிறகு பஸ் ஏறிப் போனாள், வாசித்துக் காட்டினாள், எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வயலின், கடைசி வரிசை. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது என்ன என்று அண்ணாச்சியால் கணிக்க முடியவில்லை. முதல் பரிசு வாங்கிய முகம் போல இருந்தது. ஆனால் ‘இரண்டாம்’, ‘கடைசி’ என்ற இரண்டு சொல்லும் அவர் காதில் தள்ளுபடிச் சரக்கின் பெயர்களாகத்தான் விழுந்தன.

அடுத்த சனிக்கிழமை, “வண்டியில கொண்டு விட்டுட்டுப் போயிருதேன்” என்று சொல்லிக் கிளம்பியவர், போகவில்லை. ஒத்திகை நடந்த பள்ளிக்கூட ஹாலில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். கல்லூரி வாத்தியார்கள், ஒரு பல் டாக்டர், சாந்தோம் சர்ச்சில் வாசிக்கிறவர்கள், போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். நடுவில் ஒரு சின்ன மேடைமேல் நின்று குச்சியை ஆட்டியவர் கல்யாணராமன். மயிலாப்பூர்க்காரர், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லாரும் கர்நாடக சங்கீதம். கல்கத்தாவில் வேலை பார்த்த காலத்தில் இவர் மட்டும் இசைத்தட்டுக் கேட்டுக் கேட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். “எங்காத்துல என்னை மதம் மாறினவனாட்டம் பாக்கறா” என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அண்ணாச்சிக்கு முதலில் இவர்மேல்தான் சந்தேகம். எல்லாரும் வாசிக்கிறார்கள், இவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் தப்பு வந்தால் இவருக்குத்தான் கோபம் வருகிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்துகிறார். நிறுத்திவிட்டு, போன இடத்துக்கே மறுபடி போகிறார். அண்ணாச்சிக்கு அந்த ஒரே துண்டு பதினோரு தடவை கேட்டதாக ஞாபகம். பாட்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

பிடிபட்டது வேறு ஒன்று. ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். தங்கபுஷ்பத்தோடு உட்கார்ந்திருந்தவள் ஹம்சினி என்ற கல்லூரிப் பெண். பக்கம் முடியும்போதெல்லாம் ஹம்சினி தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தாள். தங்கபுஷ்பம் மட்டும் வில்லை நிறுத்தி, கையை நீட்டி, தாளைத் திருப்பி, பிறகு சேர்ந்துகொண்டாள்.

காபி இடைவேளையில் அண்ணாச்சி கல்யாணராமனைப் பிடித்தார்.

“சார், எங்க வீட்டுல அந்தச் சின்னப் பொண்ணுக்குத் தாள் திருப்பிக்கிட்டு இருக்காளே?”

“அதான் வழக்கம் அண்ணாச்சி. ஸ்டாண்டுக்கு ரெண்டு பேர். ரெண்டு பேரும் திருப்பினா வாசிக்கறது யாரு? உள்பக்கம் ஒக்காந்திருக்கறவா திருப்பணும். லண்டன்லயும் அப்படித்தான்.”

“அப்ப அந்தப் பொண்ண உள்ள போடுங்க. இவ வெளிய உக்காரட்டும்.”

“உங்காத்துக்காரிதான் அந்த எடத்தைக் கேட்டு வாங்கிண்டா ஓய்!”

இது அண்ணாச்சி எதிர்பார்க்காத இடத்தில் விழுந்த அடி. கேட்டு வாங்குகிறவர்கள் நல்லதைக் கேட்டு வாங்குவார்கள். ஆனாலும் பேரத்தை விடவில்லை.

“சரி, ரெண்டு பக்கம் இவ திருப்பட்டும், ரெண்டு பக்கம் அவ.”

“கூடாது.”

“ஒரு வரிசை முன்னால?”

“நடக்காது.”

“அரை வரிசை?”

கல்யாணராமனுக்குக் காபி புரையேறியது. இத்தனை வருஷத்தில் அரை வரிசை கேட்டு யாரும் வந்ததில்லை.

வெளியே முனியன் நின்றிருந்தான். சாந்தோம் குப்பத்துக்காரன். அவனுடைய மீன்பாடி வண்டியில் விடிகாலையில் மீன், பகலில் அண்ணாச்சி கடைப் பாத்திரம், சனிக்கிழமை சாயங்காலம் இந்தக் குழுவின் ஆளுயரத் தந்தி வாத்தியம், டபுள் பேஸ். மீன் வாடை போக வண்டியை மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் அதை ஏற்றுவான்.

“இன்னா அண்ணாச்சி, அம்மா வாசிக்கிறத கேட்டியா?”

“முப்பத்தஞ்சு பேரு ஒண்ணா வாசிக்கான். இவ சத்தம் எதுன்னு எங்கன கண்டுபிடிக்க?”

“அக்காங். நம்ம குப்பத்துல பெரிய வலை இழுக்கச்சொல்லவும் அப்படித்தான் கீது. முப்பது பேரு கயித்தப் புடிப்பான். அதுல நாலு பேரு சும்மா கைய வெச்சிகினு, வாயால மட்டும் இழுத்துகினு நிப்பான். கரைக்கு வந்தப்பறம் பங்கு மட்டும் கரீட்டா வாங்கிப்பான்.”

முனியன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டான். அண்ணாச்சிக்கு ஞாயிறு முழுக்க அதே நினைப்பு. திங்கட்கிழமை காலையில் காபி டம்ளரோடு மனைவி எதிரே உட்கார்ந்தார்.

“புஷ்பம், கேக்கேன்னு கோவிச்சுக்கிடாத. அங்க நீ நெசமாவே வாசிக்கியா, இல்ல சும்மா கைய ஆட்டுதியா?”

அவள் தன் டம்ளரைக் கீழே வைத்தாள். உள்ளே போய் வயலினை எடுத்து வந்து, நின்றபடியே, தன் பங்கை முதலில் இருந்து வாசித்தாள். கொஞ்சம் சும்மா இருப்பாள். பிறகு இரண்டு இழுப்பு. மறுபடி சும்மா. மறுபடி இரண்டு இழுப்பு. அண்ணாச்சி பொறுமையாகக் காத்திருந்தார்.

“பாட்டு எப்ப வரும்?”

“பாட்டு முதல் வயலினுக்குங்க.”

“உனக்கு?”

“அதுக்கு அடியில இருக்கிறது.”

“அடியிலன்னா?”

“நான் நிறுத்திட்டா, ஏதோ ஒண்ணு குறையுதுன்னு தோணும். என்னதுன்னு தெரியாது.”

அண்ணாச்சி யோசித்தார். முகம் மலர்ந்தது. “அடியில செம்பு வெச்ச பாத்திரம் மாதிரியா?”

“அப்படியே வெச்சுக்கிடுங்க.”

“அதுக்கு வெல கூடல்லா! அத எதுக்குக் கடைசி வரிசைல வெச்சிருக்கான்?”

தங்கபுஷ்பம் வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். கோபமாகத் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும்.

“இங்க பாருங்க. கடைக்கு வந்தா நான் அண்ணாச்சி சம்சாரம். கல்யாண வீட்டுக்குப் போனா மொத வரிசைல உக்கார வெச்சு, வீடியோக்காரன் மூஞ்சில லைட்ட அடிக்கான். கோயமுத்தூர் போனா சம்பந்தியம்மா. அங்க மட்டும் ஒருத்தரும் என்ன அப்படிப் பாக்கல. ரெண்டாம் வயலின், கடைசி வரிசை. நல்லா வாசிச்சாலும் தப்பா வாசிச்சாலும் எல்லாரோடயும் சேந்து போயிருது. எனக்கு அதுதாங்க வேணும். அதுல நீங்க கை வெச்சீங்கன்னா, என்ன முன்னால தள்ளினீங்கன்னா, நான் அப்புறம் அங்க போகமாட்டேன். வயலின் திரும்பவும் பீரோ மேல ஏறிரும்.”

“நான் என்ன செய்தேன்? அரை வரிசைதான கேட்டேன்?”

“கேட்டீங்களா!” என்றாள் அவள்.

அதன்பிறகு அண்ணாச்சி அரை வரிசைப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மனத்துக்குள் நமைச்சல் நிற்கவில்லை. ஒருவருக்கு ஒன்று பிடித்திருந்தால் அதை இன்னும் கொஞ்சம் அதிகமாக, இன்னும் கொஞ்சம் பெரிதாக, பாலிஷ் போட்டுக் கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு. குறைவாகக் கேட்கிறவளுக்கு என்ன கொடுப்பது?

வழி தானாக வந்தது. குழுவின் நிகழ்ச்சி நவம்பர் கடைசியில், மயிலாப்பூரில் ஒரு சபா ஹாலில் என்று முடிவாயிற்று. டிசம்பர் சீசனுக்கு முன்பென்றால் வாடகை பாதிதான். அதுவரை குழு வைத்திருந்த மர ஸ்டாண்டுகள் ஒரு சர்ச்சிலிருந்து இரவல் வாங்கியவை. கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்டுவிட்டார்கள். கல்யாணராமன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“எத்தன வேணும்?” என்றார் அண்ணாச்சி.

“இருபத்திரண்டு.”

“எவர்சில்வர்ல அடிச்சுத் தாரேன். ஆயுசுக்கும் துருப்பிடிக்காது.”

வீட்டுக்கு வரும் வழியில், கோட்டூர்புரம் பாலத்தின்மேல் வண்டி போகும்போது, தங்கபுஷ்பம் சொன்னாள்: “குடுக்கிறது நல்ல காரியம்தான். ஆனா உங்க பேரு கூடாது. கடை பேரும் கூடாது.”

“கூடாது” என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். வியாபாரத்தில் அவர் கொடுத்த வாக்கை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை.

பட்டறையில் இருபத்திரண்டு ஸ்டாண்டும் தயாராகி, கண்ணாடி போலப் பளபளத்துக் கடைக்கு வந்தன. கடை வாசலில் பேர் வெட்டும் மெஷினோடு ஷஃபியுல்லா உட்கார்ந்திருந்தான். பாத்திரம் வாங்குகிறவர்களுக்கு இனிஷியலோடு பேர் வெட்டித் தருவது இலவசம். பேர் இல்லாத பாத்திரம் அவன் கண்ணுக்குப் பொட்டில்லாத நெற்றி.

“என்ன அண்ணாச்சி, வெறுமனேயா அனுப்பப் போறீங்க?”

கோயிலுக்குக் கொடுக்கிற டியூப் லைட்டில் வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பேர் எழுதுகிற ஊர் இது. அண்ணாச்சி ஸ்டாண்டுகளைப் பார்த்தார். தன் பேர் கூடாது. கடை பேர் கூடாது. ஒப்பந்தத்தில் விடுபட்டுப்போன பேர் ஒன்று இருந்தது.

“உபயம், திருமதி தங்கபுஷ்பம்னு வெட்டு.”

“எழுத்து எவ்வளவு பெருசு?”

“பேரு கடைசி சீட்டுலருந்து தெரியணும். உபயம் சின்னதா இருந்தாப் போதும்.”

நிகழ்ச்சி நாள் கார்த்திகை முகூர்த்தம். மழை வேறு. மாலை ஐந்து மணிக்கு முனியன் தார்ப்பாய் போர்த்திய வண்டியில் ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான். பேப்பரைப் பிரித்த கல்யாணராமன் ஒவ்வொரு ஸ்டாண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இதென்னது?”

“உபயம்.”

“தெரியறது. இவ்வளவு பெருசாவா?”

“சின்னதா வெட்டினா யாருக்கு சார் தெரியும்?”

ஸ்டாண்டின் இந்தப் பக்கம் தாள் வைக்கிறது. அந்தப் பக்கம் சபையைப் பார்க்கிறது. பேர் அந்தப் பக்கம். திருப்பி வைத்தால் தாள் வைக்க முடியாது. துணி போர்த்தலாம் என்றால் இருபத்திரண்டு துணிக்கு எங்கே போவது? ஹால் நிரம்ப ஆரம்பித்துவிட்டது. கல்யாணராமன் தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது வரிசையில் அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் அபயாம்பாள் மாமி வந்து உட்கார்ந்தாள். சபாவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சபா உறுப்பினர், இலவசப் பாஸ். மழைக்கு ஒதுங்கினதாகவும் ஆயிற்று.

“தங்கபுஷ்பம்னா பாட்டா, வயலினா?” என்று அவரைக் கேட்டாள்.

“வயலின்.”

“மேடை பூராப் பேரைப் போட்டிருக்கே. பெரிய வித்வாம்சினியாத்தான் இருக்கணும். நான் கேள்விப்பட்டதே இல்லையே!”

குழு மேடைக்கு வந்தது. முதல் வயலினுக்குத் தலைமை தாங்கும் மாளவிகா, அரக்குப் பட்டுப் புடவையில், முன்னால் வந்து உட்கார்ந்தாள். எல்லாருக்கும் பின்னால் தங்கபுஷ்பம். ஓரத்திலிருந்து நுழையும்போது ஸ்டாண்டுகளின் முன்பக்கம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. நின்றாள். சபையில் கணவரைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, ‘என் பேர் எங்கயாவது இருக்கா, பாரு’ என்பது போல இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துகிற கடைக்காரனைப் பார்ப்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணாச்சியின் சிரிப்பு அங்கேயே நின்றது. எங்கோ தப்பு நடந்திருக்கிறது. வாக்கைக் காப்பாற்றியும் நடந்த தப்பு. எது என்று தெரியவில்லை.

இசை ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். நாலாவது தட்டில் தாளம் அவரை விட்டுவிட்டு வேறு பக்கம் போனது. மறுபடி பிடித்தார். மறுபடி போனது. கையை எடுத்து நாற்காலிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அவர் ஏன் நமக்கு முதுகைக் காட்டிண்டு நிக்கறார்? கோபமா?” என்று மாமி கேட்டாள்.

“இல்ல. அப்படித்தானாம். லண்டன்லயும்.”

முதல் பகுதி முடிந்தது. பகுதிகளுக்கு நடுவே கைதட்ட வேண்டாம் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். யாரும் தட்டவில்லை. ஒரு இருமல், பிறகு மழைச் சத்தம். இத்தனை பேர் இவ்வளவு நேரம் உழைத்து, ஒரு கைத்தட்டல்கூட இல்லையா? இரண்டாவது பகுதியும் முடிந்தது. அப்போதும் அதே அமைதி.

அந்த அமைதியில்தான் சபா காரியதரிசி மைக்கோடு மேடையேறினார்.

மயிலாப்பூர் சபாக்களில் ஒரு பழக்கம் உண்டு. கச்சேரி நடுவிலேயே சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டு, கலைஞருக்குப் பொன்னாடை போடும் காரியத்தை முடித்துவிடுவார்கள். அன்றைய விருந்தினர் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. அவருக்கு வடபழனியில் ஒரு ரிசப்ஷன், தி. நகரில் இன்னொன்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மௌனம் விழுந்ததும் இதுதான் இடைவேளை என்று எழுந்துவிட்டார். சிம்பொனியில் நாலு பகுதியும் ஒரே உருப்படி, நடுவில் யாரும் ஏறக்கூடாது என்று காரியதரிசிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நீதிபதியின் முகூர்த்தத்துக்கு முன்னால் அது எடுபட்டிருக்காது.

குச்சியைத் தூக்கிய கல்யாணராமன் அப்படியே நின்றார். காரியதரிசி ஸ்டாண்டுகளில் பளபளத்த பேரை ஒரு தடவை படித்துக்கொண்டார்.

“ரசிகப் பெருமக்களே! இன்றைய கச்சேரியின் நாயகி திருமதி தங்கபுஷ்பம் அவர்களுக்கு, நமது மதிப்புக்குரிய நீதியரசர் அவர்கள் பொன்னாடை வழங்கிக் கௌரவிப்பார்கள்!”

சபை அதுவரை அடக்கி வைத்திருந்த கைத்தட்டலை எல்லாம் மொத்தமாக அவிழ்த்துவிட்டது.

அண்ணாச்சிக்குக் காது அடைத்தது. அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. முன்னால் தள்ளினால் அப்புறம் போகமாட்டேன் என்றாள். இப்போது எழுந்து நிற்கப் போகிறாள். முந்நூறு பேர் பார்க்கப் போகிறார்கள். வாங்கிக்கொள்வாள், மரியாதையாகச் சிரிப்பாள், வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டு ஏறி வயலினைப் பீரோ மேல் வைப்பாள்.

கல்யாணராமனின் கண் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே தங்கபுஷ்பம் தாளின்மேல் குனிந்திருந்தாள். அடுத்த பகுதிக்கான பக்கத்தைத் திருப்பி, ஓரத்தை விரலால் நீவி, மறுபடி நீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஹம்சினி அவளைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் அவளும் தாளைப் பார்த்தாள். கல்யாணராமன் பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டார்.

நீதிபதிக்கு அவசரம். நாயகி என்றால் முன்னால்தான் இருப்பாள். இரண்டு கையிலும் பொன்னாடையை ஏந்தி, அரக்குப் பட்டுப் புடவைக்கு நேராகப் போய் நீட்டினார்.

“ஐயோ, நான் இல்லை...” என்று மாளவிகா வாயெடுத்தாள்.

“வாங்கிக்கோ! வாங்கிண்டு ஒக்காரு!” என்று கல்யாணராமன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது மூன்றாவது வரிசைவரை கேட்டது.

மாளவிகா வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி தன்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டார். ஒருவருக்குக் கட்டிய பார்சலை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனால் கடைத்தெருவே அதிரும்படி கத்துகிற தொண்டை அது. ‘அது அவ இல்ல! கடைசி வரிசை! தாள் திருப்புதால்லா, அவ!’ என்பது வாய்வரை வந்துவிட்டது. அப்போது தங்கபுஷ்பம் தலையைத் தூக்கினாள். நேராக அவரைத்தான் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அவாதானா தங்கபுஷ்பம்?” என்று மாமி மாளவிகாவைக் காட்டிக் கேட்டாள். “உங்களுக்குத் தெரிஞ்சவாளா?”

அண்ணாச்சி எழுந்த பாதியை மெல்ல உட்கார வைத்தார்.

“ஆமா” என்றார். “அவங்கதான்.”

“நன்னா லட்சணமா இருக்கா.”

“ஆமா.”

நீதிபதி வடபழனிக்குப் போனார். கல்யாணராமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு குச்சியைத் தூக்கினார். மூன்றாவது பகுதி ஆரம்பித்தது. அதில் என்ன நடந்தது, நாலாவது எப்போது வந்தது என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. பொய் சொன்னோமா, உண்மையைக் காப்பாற்றினோமா, பெண்டாட்டியைக் கொடுத்தோமா, வைத்துக்கொண்டோமா என்று அவர் மனம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் எழுந்து கைதட்டியபோது அவரும் எழுந்து தட்டினார்.

வாசலில் முனியன் மழையில் நின்று டபுள் பேஸுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, அம்மாவுக்கு பொன்னாடை போட்டாங்களாமே! உள்ள பேசிக்கினாங்க.”

“போட்டாங்க.”

“எங்க, காட்டேன் பாக்கலாம்.”

“அது வேற ஒருத்தர்ட்ட இருக்கு.”

“அம்மாவுக்குப் போட்டது அவங்க கையில எப்டி?”

“அவங்களுக்குத்தான் போட்டாங்க.”

“அப்ப அம்மாவுக்குப் போடலியா?”

“போட்டாங்கல்லா, சொல்லுதேன்ல!”

முனியன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “இன்னாமோ போ” என்று முடிச்சைப் போட்டான்.

மாளவிகா பொன்னாடையோடு ஓடி வந்தாள். “அக்கா, இது உங்களோடது. எனக்கு ஒரே வெட்கமாப் போச்சு. வெளியில ரெண்டு பேர் தங்கபுஷ்பம் மேடம்னு ஆட்டோகிராஃப் கேட்டா!”

“போட்டுக் குடுத்தீங்களா?” என்றாள் தங்கபுஷ்பம்.

“கேட்டா என்ன பண்றது... போட்டுட்டேன்.”

“நல்லதாப் போச்சு. அப்ப அதையும் நீங்களே வெச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கடை வேனில் ஏறிக்கொண்டாள்.

லஸ் முனை வரை வேன் மழையில் ஊர்ந்தது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. திட்டு வரும் என்று அண்ணாச்சி காத்திருந்தார். அவள் சிரித்தாள்.

“மூணாவது பகுதில ஒரு எடத்துல நான் முன்னாலயே ஆரம்பிச்சுட்டேன். ஹம்சினி கால மிதிச்சா. கல்யாணராமன் சார் ஒரு மொறை மொறைச்சார். அவ்வளவுதான். வேற ஒருத்தருக்கும் தெரியல!”

“தப்பா வாசிச்சதுக்கா இவ்வளவு சந்தோசம்?”

“உங்களுக்குப் புரியாதுங்க.”

“புரியலதான்” என்றார் அவர். சிறிது தூரம் போய், “ஸ்டாண்டு விஷயம்...” என்று இழுத்தார்.

“நாளைக்கே பட்டறைக்கு அனுப்பி அத்தனையையும் தேச்சுருங்க.”

“தேச்சா பாலிஷ் போயிரும்.”

“போகட்டும். சனிக்கிழமைக்குள்ள வேணும். ஒத்திகை இருக்கு.”

சனிக்கிழமை. போகிறாள். அண்ணாச்சி மூச்சை விட்டார். விட்ட மூச்சோடு வியாபாரியும் விழித்துக்கொண்டான்.

“ஹால்ல நான் எந்திரிச்சுக் கத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? கத்தலல்லா. அதுக்கு நீ எனக்கு என்ன தருவ?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சனிக்கிழமை என்னக் கொண்டு விடுங்க. வேணும்னா உள்ள வந்து உக்காந்துக்கிடுங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது.”

அண்ணாச்சி பனகல் பார்க் சிக்னலில் வண்டியை நிறுத்தி, மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். ஸ்டாண்டு கொடுத்தது அவர். பேரை வெட்டியது அவர் செலவு, அழிக்கப் போவதும் அவர் செலவு. பொன்னாடை போனது மாளவிகாவுக்கு, கையெழுத்தும் அவளுக்கு. வாயை மூடியதற்குக் கூலி கேட்டால், இன்னும் மூடு என்று ஒரு வேலை. கொடுத்ததெல்லாம் ஒரே பக்கம். இனிக் கொடுக்க வேண்டியதும் அதே பக்கம். வரவு என்று எழுத ஒரு வரிகூட இல்லை. விளக்கு பச்சைக்கு மாறும்வரை இன்னொரு தடவை கூட்டினார். பாக்கி நின்றது அவர் பேரில்தான். ஆனால் கணக்கு உதைக்கவில்லை.